சுராயாவுக்கு இல்லாத மண்டபம்

வியாழன் இரவு, ஈப்போ.

சுராயாவிடம் இன்றைக்குப் போனில் பொய் சொல்லிவிட்டேன். கோயில் மண்டபத்தில் காத்தாடி எல்லாம் பழுது, உன் கூட்டத்துக்குத் தர முடியாது என்று.

சொல்லச் சொன்னவர் கோயில் தலைவர் முனியாண்டி அண்ணன். "மதம் அவங்கவங்க மனசு, அரசாங்கம் அதுல கை வைக்கக்கூடாதுன்னு அந்த மலாய்க்காரப் பொண்ணு பேசப்போவுது. நாளைக்கு யாரு வந்து நம்ம கேட்டைத் தட்டுவாங்களோ? நமக்கு வேணாம்லா, தங்கச்சி."

இதே மண்டபத்தில் இதே அண்ணன்தான் அவளுக்குப் பொன்னாடை போட்டார். என் புருஷன் முஸ்லிமாக மதம் மாறி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மகளையும் மாற்றித் தூக்கிக்கொண்டு போனபோது, கோர்ட்டில் எனக்காக நின்று பிள்ளையை மீட்டுத் தந்த வக்கீல் அவள். ஐந்து வேளையும் தொழுகிறவள். அவள் ஜனமே அவளைத் துரோகி என்றது. நாங்கள் கை தட்டினோம்.

காத்தாடி இல்லை என்றதும் சிரித்தாள். "பரவாயில்லக்கா, வேர்த்தா வேர்க்கட்டும். நாற்காலி இருந்தா போதும்."

நாற்காலியும் இல்லை என்றேன். என் வாய்தான் சொன்னது.

 "சரிக்கா. மகள் நல்லா இருக்காளா?" என்றாள். குத்திக் கேட்கவில்லை. எப்போதும் கேட்பதுதான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

புரண்டு புரண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.

கோயில் செயலாளர் நான்தானே. மண்டபச் சாவி என் கைப்பையில்தான் கிடக்கிறது.