எட்டு மணி மாத்திரை

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? போனில் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எழுதி, படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன்.

திங்களன்று ஆய்வகத்தில் எச்.ஐ.வி. கிருமி கலந்த திரவத்தை எடுக்கும்போது, ஊசி கையுறையைத் தாண்டி விரலில் லேசாகக் குத்திவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் தொற்றாமல் தடுக்கும் மாத்திரை போட்டாயிற்று. "இருபத்தெட்டு நாள். ஒரு வேளைகூட விடக்கூடாதும்மா" என்றார் டாக்டர்.

நம் செல்லுக்குள்ளேயே ஒரு காவல் என்சைம் உண்டு. வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது அது அந்தப் படியின் மரபணு எழுத்துகளை மாற்றிவிடும். நீங்கள் எழுதும் பத்திரத்தில் சர்வே எண் பிசகினால் பத்திரமே செல்லாதே, அப்படி. ஆனால் வைரஸ் பலே கில்லாடி. அந்த என்சைம்மேல் 'குப்பை' என்று சீட்டு ஒட்டிவிடும். செல்லே அதை அரைத்துத் தள்ளிவிடும். சீட்டு ஒட்டவிடாமல் தடுப்பதுதான் என் ஆராய்ச்சி. அது மருந்தாக இன்னும் எத்தனை வருடமோ. இப்போதைக்கு மாத்திரைதான் துணை.

அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறேன். மாத்திரை நேரம் இங்கே காலை எட்டு மணி, அப்போது உங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். தினமும் கூப்பிடுங்கள். அம்மா கேட்டால் சத்து மாத்திரை என்று சொல்லுங்கள்.

'மிஸ்டு கால் போதும்' என்று எழுதிவிட்டுக் கோடு போட்டு அழித்தேன். நான் எடுக்கும்வரை மணி அடிக்கட்டும், அப்பா.

உங்கள் மகள்