பற்றை விட்ட பிள்ளைக்கு நெத்திலி சம்பல்

அன்பு மகன் மதிவாணனுக்கு அம்மா எழுதுவது. உலு திராமில் நானும் அப்பாவும் சுகம், சியாங் மாய் மலையில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன், சுகத்தையும் விட்டுவிட வேண்டும் என்று உங்கள் தியான நிலையத்தில் சொல்லியிருந்தால் வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்களாமே, அதனால்தான் இந்த வயதில் பேனா பிடிக்கிறேன். உன் கடிதம் வந்தது. பக்கம் முழுக்க ஆசைதான் துன்பத்துக்குக் காரணம், எல்லாப் பற்றையும் விட்டுவிட்டேன் என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் நெத்திலி சம்பல் ஒரு போத்தல், காரம் தூக்கலாக, என்று கேட்டிருக்கிறாய். அனுப்பியிருக்கிறேன், பற்றில்லாமல் சாப்பிடு. அப்பாவுக்கு முட்டிவலி, ஆனாலும் வேலைக்குப் போய்வருகிறார். உன் சட்டைகளை யாருக்காவது கொடுக்கச் சொன்னாயே, பக்கத்து வீட்டு யுகேந்திரனுக்குக் கொடுத்தேன். அவன் அந்த நீலக் கட்டம் போட்டதைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டும்போதெல்லாம் நீதான் வந்துவிட்டாய் என்று எழுந்து ஓடுகிறேன். உனக்கு மனசு லேசாகிவிட்டதாம், ரொம்ப சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயம் செய்த பெண்ணிடம் கல்யாணம் வேண்டாம் என்பதை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் அம்மா என்று எழுத உனக்கு எப்படியடா மனசு வந்தது. இதற்குப் பெயர் துறவா, எங்கள் காலத்தில் பயந்தாங்கொள்ளித்தனம் என்போம். நானும் அப்பாவும் சாஆ ஊருக்கு, பிரேமலா வீட்டுக்குப் போனோம். அவள் அப்பா சுகுமாறன் முகம் கொடுக்காமல் எழுந்து வெளியே போய்விட்டார். அவள்தான் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து, நான் உளறிக் கொட்டியதை எல்லாம் நிதானமாகக் கேட்டாள். நீ போனதிலிருந்து அந்தப் பிள்ளை புத்தர் கதையைத் தேடித் தேடிப் படித்திருக்கிறாள், உனக்கு எது பெரிசாகப் பட்டது என்று தெரிந்துகொள்ள. அழவில்லை. மோதிரத்தையும் கழற்றவில்லை. “புத்தரே திரும்பி வந்து வைஃபப் பாத்துட்டுதான் போனாராம் ஆண்ட்டி, இவரு அவரவிடப் பெரியவரா? வந்து என் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும், அப்பவே கழட்டித் தரேன்” என்றாள். அப்பா தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்து காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அவ்வளவு வெட்கம்.

புத்தர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நீ மொட்டையடித்துக் காவி கட்டிக்கொண்டாலும் என் பிள்ளைதான், கல்யாணம் வேண்டாம் என்றால் வேண்டாம், யாரும் உன்னைக் கட்டி இழுக்கப் போவதில்லை. அந்தப் பெண்ணை மட்டும் இப்படி நடுவில் நிறுத்தி வைக்காதே.

சாமி உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் வெட்கமும் கொடுக்கட்டும். மலையில் குளிர் அதிகமாம், ஸ்வெட்டர் போட்டுக்கொள், வெறும் தரையில் படுக்காதே. உன்னைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், திரும்பி வரும்போது கோலாலம்பூரில் பஸ் ஏறினால், பாதி வழியில் யோங் பெங்கில் இறங்கி நேராக சாஆவுக்குப் போ. அவளிடம் உன் வாயால் சொல்லிவிட்டு வா. அதுவரைக்கும் என் வீட்டு வாசலை மிதிக்காதே.

ஆசீர்வாதத்துடன்
உன் அம்மா
செல்லம்