ஊட்டு வண்டியின் பேட்டரிப் பெட்டி

நங்கை,

போன ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் நிற்கும் நம் ஊட்டு வண்டியில் கட்டில் மெத்தையைத் தூக்கினேன். அடியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தது. மெத்தையை அப்படியே போட்டுவிட்டு ஷெட்டுக்கு வெளியே ஓடி வந்துவிட்டேன்.

எலி செத்த நாற்றமாக இருக்கட்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டேன். இல்லை என்று தெரியும். பேட்டரி இப்படி நாறினால் என்ன அர்த்தம் என்று பத்து வீடியோ பார்த்தவள் நான். அதில் ஒன்றில் ஒருவர் ஸ்பேனரை வைத்ததும் பொறி பறந்து, பேட்டரி வெடித்து, மூடி கூரையில் போய் இடிக்கும். அதை நாம் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டே பார்த்தோம். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தீர்கள்.

சார்ஜர் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும். சுவிட்ச் வண்டியின் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சுவிட்சுக்குள்ளும் சின்னதாகப் பொறி வருமே என்று நினைத்ததும் கை போகவில்லை. அண்ணனின் பனியன் யூனிட்டுக்குள் ஓடி மெயினையே இறக்கிவிட்டேன். அன்றைக்கு ஷிப்மென்ட் அவசரம், ஞாயிறும் வேலை நடந்தது. இருபது மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. "லைட் கயா, லைட் கயா" என்று வடநாட்டுப் பையன்கள் ஒரே சத்தம். அண்ணன் கட்டிங் டேபிளிலிருந்து ஓடி வந்தார்.

"யாரு மெயினை எறக்குனது?"

"நாந்தானுங்கண்ணா."

"சாயந்தரம் மால் லோடு ஏத்தோணும் அம்மிணி. வெளையாட்டா?"

"வண்டி வெடிச்சிருமுங்கண்ணா."

அவர் என்னையே பார்த்தார். "உன்ற நங்கை இருந்திருந்தா இன்னேரம் சிரிச்சுத் தள்ளியிருப்பா" என்றார். அவர் சிரிக்கவில்லை. ஷெட்டுக்குப் போய் சார்ஜர் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கதவையெல்லாம் திறந்து வைத்துவிட்டு வந்தார்.

நீங்கள் காய்ச்சலில் படுத்து ஆறே நாளில் போன பிறகு அந்தச் சார்ஜரை அவர் ஒரு நாளும் அணைத்ததில்லை. வண்டி எப்போதும் ரெடியாக இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அது உங்கள் வேலை. பத்து மாதமாகத் தண்ணீர் இல்லாமல் அது வெந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்தப் பேட்டரிக்கு நேர் மேலேதான் பாப்பா படுக்கப் போகிறாள். ஸ்கூல் லீவு விட்டாகிவிட்டது. இந்த ஞாயிறு வால்பாறை என்று அண்ணன் சொல்லியிருந்தார். "மேகம் ஊட்டுக்குள்ளயே வருமாமா அத்தை, அம்மா சொல்லுச்சு" என்று உங்கள் மகள் தினமும் என்னிடம் கேட்கிறாள். அங்கே குளிர். ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் படுப்பார்கள். பேட்டரியிலிருந்து வரும் கேஸ் உள்ளேயே நிற்கும்.

கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிய பழைய வேன் அது. விற்கப்போன அண்ணனைத் தடுத்து நீங்கள்தான் நிறுத்தி வைத்தீர்கள். வெளிநாட்டுக்காரர்கள் மோட்டார்ஹோமில் குடியிருக்கும் வீடியோக்களை உங்களுக்குக் காட்டியது நான். பார்த்து முடித்துவிட்டு, "இது ஊட்டு வண்டி. நம்மளே பண்ணலாம் அம்மிணி" என்றீர்கள். கட்டில், அடுப்பு, ஃபேன், விளக்கு, கட்டிலுக்கடியில் இரும்புப் பெட்டி, அதற்குள் இரண்டு பேட்டரி. பக்கத்துச் சாயப்பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, கேரவனுங்களா? எந்த நடிகருக்குங்க?" என்று கேட்டார். "எனக்குத்தானுங்க. கால்ஷீட் இல்லாம சும்மா இருக்கறனுங்க" என்றீர்கள். அவர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். யூனிட்டில் எல்லோருக்கும் நீங்கள் சாம்பிள் தைக்கும் அக்கா. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எனக்கு மட்டும் நங்கை.

ஞாயிறு மதியம், எந்த வயரை எங்கே மாட்டினோம் என்று பார்க்க, அப்போது எடுத்து யூடியூபில் போட்ட வீடியோவைத் தேடிப் போட்டேன். நாற்பத்தொரு பேர் பார்த்த வீடியோ. அதில் பாதி நாம்தான். உங்கள் குரலைக் கேட்டதும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மறுபடி கூட்டினேன்.

பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். கேஸ் வெளியே போக நான் போட்ட ஓட்டை கீழ் மூலையில் இருக்கிறது. "பெயிண்டு போயி அடைச்சுக்குமுங்க, டேப் ஒட்டிர்றேன்" என்கிறேன். நீங்கள் கேமராவைப் பிடித்துக்கொண்டே, "மறக்காம எடுத்துரு" என்கிறீர்கள். அடுத்த காட்சியில் பெட்டி பளபளவென்று சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அந்த மூலையும் அதே சாம்பல் நிறம். ஓட்டை இல்லை. நான் தம்ஸ் அப் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஐந்தாறு தடவை பின்னால் இழுத்துப் பார்த்தேன். டேப்பை நான் எடுக்கவே இல்லை.

ஏற்காடு, கொடிவேரி, மூணாறு என்று நீங்கள் பாப்பாவை அணைத்துக்கொண்டு அந்தக் கட்டிலில் படுத்த ராத்திரிகளை எண்ண ஆரம்பித்தேன். மூணாறில் எழுந்ததும் தலை பாரமாக இருக்கிறது என்றீர்களே, அது என்ன? உங்கள் காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. டேப்பைப் பற்றி அண்ணனிடம் சொல்லவில்லை.

மறுநாள் லீவு போட்டேன். வளையலைக் கழற்றினேன். மோதிரத்தைக் கழற்றினேன். கண்ணாடி, கையுறை. ஸ்பேனரின் வாயை மட்டும் விட்டுவிட்டு மீதி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றினேன். நீங்கள் சொல்வீர்களே, "பயப்படறவ கையில ஸ்பேனர் நழுவாது அம்மிணி" என்று. நழுவவில்லை. ஆனால் நட்டில் வைப்பதற்குள் மூன்று தடவை கீழே வைத்து எடுத்தேன். மைனஸ் முதலில், மைனஸ் முதலில் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே கழற்றினேன். ஒரு பொறியும் வரவில்லை. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

இரண்டு பேட்டரியையும் பேட்டரிக் கடைக்காரர் வந்து தூக்கினார். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இது பேட்டரி இல்லீங்க அம்மிணி, கருவாடு" என்றார். புதிதாக இரண்டு வாங்கி வைத்துவிட்டேன்.

பேட்டரிக்கு அடியில் நீங்கள் எப்போதும் வெள்ளைப் பனியன் துணி ஒன்று விரிப்பீர்கள். ஆசிட் கசிந்தால் காட்டனில் ஓட்டை விழும், உடனே தெரிந்துவிடும் என்பது உங்கள் கணக்கு. தூக்கிப் பார்த்தால் துணி இல்லை. தொட்ட இடமெல்லாம் பொடியாக உதிர்ந்தது. ஓரத்தில் நீங்கள் ஓவர்லாக் அடித்த பாலியஸ்டர் நூல் மட்டும் ஒரு சதுரமாக அப்படியே கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லாமல் தையல் மட்டும். அதை எடுத்துக் கழுவி ஷெட் ஜன்னலில் காயப் போட்டேன்.

ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். சர்ரென்று நுரைத்துக்கொண்டு வந்தது. அதற்கும் பின்னால் குதித்தேன். நுரை அடங்கும்வரை ஊற்றிக் கழுவி, காயவிட்டு, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தேன். பெயிண்ட் செதில் செதிலாக வந்தது. கீழ் மூலைக்கு வந்ததும் நகத்தால் சுரண்டினேன். டேப்பின் ஓரம் தூக்கியது. இழுத்ததும் ஒரே துண்டாக, அட்டை மாதிரி விறைத்துப்போய்க் கையோடு வந்தது. பின்னால் என் ஓட்டை. புத்தம் புதிதாக இருந்தது. ஒரு நாள்கூட அதன் வழியாகக் காற்று போனதில்லை.

அப்படியே வண்டித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்திருக்கப் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபோது, வெளிச்சுவர் பக்கம் மேல் மூலையில் விரலுக்கு ஏதோ மெத்தென்று பட்டது. டார்ச் அடித்தேன். ஐந்து ரூபாய்க் காசு அளவில் ஒரு ஓட்டை. சுற்றி ரப்பர் வளையம். பூச்சி வராமல் ஆரஞ்சு நிற வலைத்துணி, வளையத்தோடு சேர்த்து நெருக்கமாகக் கைத்தையல். நாம் தைத்த அந்த ஃபுட்பால் ஜெர்சி ஆர்டரின் மெஷ் துணி. பாலியஸ்டர். ஆசிட் அதைத் தொடவில்லை. ஓட்டையின் மறுபுறம் பின் சக்கரத்துக்கு மேலே மறைவாகத் திறந்தது. காற்று வந்துகொண்டிருந்தது.

கேஸ் மேலேதான் போகும். நான் ஓட்டையைக் கீழே போட்டதே தப்பு, டேப்பை எடுத்திருந்தாலும் தப்புதான். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அண்ணனிடம் ஓடினேன். அவர் போனைக் காதில் வைத்து, ஆர்டர் கொடுத்த பையரிடம் பேசிக்கொண்டிருந்தார். முடியும்வரை நின்றேன்.

"நங்கை எப்பங்கண்ணா அந்த ஓட்டையப் போட்டாங்க?"

"எந்த ஓட்டை?" என்றார். பிறகு யோசித்தார். "ஒரு பெரிய ட்ரில் பிட்டு வாங்கிட்டு வரச் சொன்னா. ஏற்காடு கெளம்பறதுக்கு முந்தின நாளு. எதுக்குன்னு கேட்டேன். அம்மிணிகிட்ட சொல்லீராதீங்கன்னா. அப்பறம் அந்தப் புள்ள ஸ்பேனரையே தொடமாட்டாளாம்."

ஏற்காடுதான் முதல் ட்ரிப். அப்படியென்றால் மூடிய பெட்டிக்கு மேல் நீங்கள் ஒரு ராத்திரிகூடப் படுக்கவில்லை. மூணாறுத் தலைவலி டீ குடிக்காததால்தான் என்று அன்றைக்கே சொன்னீர்கள். இப்போது நம்புகிறேன்.

அந்த ட்ரிப்புக்குப் பிறகுதான், "பேட்டரிப் பக்கம் நீ வராத, தண்ணி நானே ஊத்திக்கறேன்" என்றீர்கள். என் வேலை பிடிக்கவில்லை போல என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. நான் வீடியோவில் காட்டிப் பீற்றிக்கொண்ட பெயிண்டைக்கூடச் சுரண்டாமல், டேப்பை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, நான் பார்க்காத மூலையில் வேலையை முடித்திருக்கிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை பிரைமர் அடித்தேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஆசிட் தாங்கும் பெயிண்ட், இரண்டு கோட். கீழ் ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்தாகிவிட்டது. உங்கள் ஓட்டையில் பெயிண்ட் போகாமலிருக்க, வேறு வழியில்லாமல் டேப் ஒட்டினேன். இதையும் எடுக்க மறந்துவிடுவேனோ என்று பயம். அதனால் டேப்பின் வாலில் ஒரு முழ நூலைக் கட்டி, மறுமுனையை வண்டிச் சாவியில் கட்டி, சாவியைக் கட்டில் மேலேயே வைத்துவிட்டேன். டேப்பை உரிக்காமல் யாரும் வண்டியை எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை பாப்பா பார்த்துவிட்டு, "அத்தை, சாவிக்கு வாலு மொளச்சிருக்கு" என்றாள். அவளையே இழுக்கச் சொன்னேன். பிசுக்கென்று வந்தது. ஆரஞ்சு வலை வழியாக வெளிச்சம் தெரிந்தது.

புது பேட்டரிகளை மாட்டி பெல்ட் போட்டு இறுக்கினேன். பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். அடியில் வெள்ளைப் பனியன் துணி விரித்தேன். ஓரம் நானே அடித்தது, கோணல்தான். இன்று காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை, ஈரம் இல்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன்.

அண்ணன் பாப்பாவுக்குத் தலை சீவுகிறார். வகிடு நேராக வரவில்லை, இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடுவோம். நானும் போகிறேன். பயம் போகவில்லை நங்கை. நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் பெல்ட் தாங்குமா என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பேன். மேலே போய், குளிர ஆரம்பித்ததும், ஜன்னலைச் சாத்தட்டுமா அத்தை என்று பாப்பா கேட்பாள். இரு என்று சொல்லிவிட்டு இறங்கி, பின் சக்கரத்துக்கு மேலே கையை விட்டு, வலையைத் தொட்டுப் பார்ப்பேன். திறந்திருந்தால், சாத்து என்பேன்.

அந்தப் பழைய டேப்பை என் போன் கவருக்குள் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் சாம்பல் பெயிண்ட். மறுபக்கம் தொட்டால் இன்னும் ஒட்டுகிறது.