படிக்கட்டில் நின்றவர்

பிப்ரவரி 3, சாலையோரச் சத்திரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு நாள் நடந்தாயிற்று. இடது குதிகாலில் கொப்புளம், வலது முழங்காலில் பிடிப்பு. மற்றபடி நலம். ஓய்வு பெற்ற மறுமாதமே யாத்திரை கிளம்பியவனுக்கு இது போதாது என்பீர்கள்.

எங்கள் கூட்டத்தில் பதினேழு பேர். ஒவ்வொரு திருப்பத்திலும் என்னையறியாமல் தலை எண்ணிவிடுகிறேன். ஒரு பெரியவர், "என்னப்பா, டிக்கெட் போடப்போறியா?" என்றார். கண்டக்டர் புத்தி எங்கே போகும்? இன்று முழுக்க சோளக்காட்டுக்கு நடுவே மண்பாதை. நாம் பஸ்ஸில் பதினொரு நிமிடத்தில் கடந்த தூரத்துக்கு அரைநாள் ஆகிறது.

போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். நம் லைன் வண்டி மாலையில் ஒவ்வொரு சத்திரத்து வாசலிலும் நிற்கிறது. டிரைவரிடம் கொடுத்தால் டிப்போ எதிரில் உங்கள் சைக்கிள் கடைக்குக் கடிதம் வந்துவிடும். நீங்களும் அப்படியே அனுப்புங்கள்.

எதற்குடா இந்த நடை என்று கேட்டீர்கள். வழியில் கோட்டை ஊர் இருக்கிறது அண்ணே. படியிலிருந்து விழுந்து, நீங்கள் ஓட்டிய நம் வண்டியின் பின்சக்கரத்தில் சிக்கி இறந்த அந்த அம்மாவின் மகள், கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாளாம். அவளிடம் சொல்லப்போகிறேன். முன்பக்கம் நின்றுகொண்டு, பின்படியைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுக்க இரண்டு விசில் கொடுத்தவன் நான்தான் என்று. இருபத்தாறு வருடம் மறைத்தது போதும். அதைச் சொல்லாமல் மலையேறினால் சாமி முகத்தைப் பார்க்க முடியாது.

தங்கள் தம்பி,
நெட்டை

பிப்ரவரி 4

நெட்டைக்கு,

கொப்புளத்தைக் குத்தாதே. தானாக வற்றட்டும். சத்திரத்து வாசல் நிலைகள் தாழ்வு, தலையைப் பார்த்துக்கொள். உன்னால் பழைய வண்டியின் கூரையே பள்ளமாகியிருந்தது.

நடந்து மலைக்குப் போ. நன்றாகக் கும்பிடு. எனக்கும் சேர்த்துக் கும்பிடு. தையல் கடைக்கு மட்டும் போகாதே.

விசாரணையில் "விசில் வரலை, நானா எடுத்தேன்" என்று சொன்னது நான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. உன் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை, உன் மனைவி நிறைமாதம். முடிந்த கதையைக் கிளறாதே.

அண்ணன்

பிப்ரவரி 5, கல்பாலத்து ஊர்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் பத்து வரிகூட இல்லை. எனக்கு வருத்தம்தான்.

முடிந்த கதையா? உங்களுக்கு வேலை போயிற்று, லைசென்ஸ் போயிற்று. பெரிய வண்டி ஓட்டிய கை பஞ்சர் ஒட்டுகிறது. நான் பதவி உயர்வு வாங்கி, மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றேன். மேடையில், "இருபத்தாறு ஆண்டு அப்பழுக்கில்லாத சேவை" என்று அதிகாரி படித்தபோது நீங்கள் கடைசி வரிசையில் கைதட்டினீர்கள்.

இந்த ஊரில் ஆற்றின்மேல் பதினாலு வளைவுள்ள பழைய கல்பாலம். கூட்டம் முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது. எனக்குப் பார்க்கும் மனம் இல்லை. நாளை மறுநாள் கோட்டை ஊர். ஏன் போகக்கூடாது என்று சரியான காரணம் சொல்லுங்கள், கேட்கிறேன். என்னைக் காப்பாற்ற என்றால் மட்டும் சொல்லாதீர்கள். காப்பாற்றியது போதும்.

தம்பி,
நெட்டை

பிப்ரவரி 6

தம்பி,

காரணம் கேட்டாய். சொல்கிறேன். கோபப்படாமல் படி.

உன்னைக் காப்பாற்ற இல்லை. என்னைக் காப்பாற்ற.

விபத்து நடந்த நாற்பதாம் நாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன். உன்னிடம் சொன்னதில்லை. விசில் உன்னுடையதானாலும் வண்டி என் கையில்தானே இருந்தது? கண்ணாடியை ஒரு தரம் பார்த்திருக்கலாம். அந்த அம்மாவின் கணவர் என்னை வாசலிலிருந்தே விரட்டினார். எட்டு வயதுப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தது. மறுபடி போனேன். விரட்டினார். எத்தனையோ தரம் கழித்து ஒருநாள் உட்காரச் சொன்னார்.

முதலில் பாவம் பார்த்துப் போனேன். அப்புறம் எனக்கு ஆள் வேண்டும் என்று போனேன். அந்தப் பெண் என்னை மாமா என்கிறாள். மாதத்தில் முதல் ஞாயிறு அங்கேதான் சாப்பாடு. சந்தைக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்வதெல்லாம் அதுதான். அவள் குழந்தைக்கு நான் தாத்தா. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல்.

செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு வாங்கிய மன்னிப்பு அது. அதில்தான் நான் இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறேன். நீ உண்மையைச் சொன்னால் உன் பாரம் இறங்கும். நான் அவளுக்குப் பொய்யனாகிவிடுவேன். வேண்டாமடா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அண்ணன்

பிப்ரவரி 8, மலையடிவாரச் சத்திரம்

அண்ணனுக்கு,

நேற்று அந்தக் கடைக்குப் போனேன். பயப்பட வேண்டாம், சொல்லவில்லை.

பார்க்காமல் தாண்டிப்போகத்தான் நினைத்தேன். கோட்டை வாசலில் என் பையின் வார் அறுந்தது. அந்தத் தெருவில் வேறு தையல் கடை இல்லை. இரண்டு மெஷின், ஜன்னலோரம் துணிச்சுருள்கள், சுவரில் ஒரு படம். படத்தில் நீங்கள். தோளில் அவள் குழந்தை. உங்களை அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். கண்டக்டர் என்றேன். மெஷினை நிறுத்திவிட்டுப் படத்தைக் காட்டினாள்.

"எங்கம்மா பஸ்ல அடிபட்டுத்தான் போனாங்க. அந்த டிரைவர்தான் இவரு, எங்க மாமா. தானா வந்து, எம்மேலதான் தப்புன்னு சொன்னாரு. யாருங்க அப்படி வந்து சொல்லுவாங்க? எங்கப்பா சாகும்போது என்னை இவரு கையிலதான் புடிச்சிக் குடுத்தாரு."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வண்டி கண்டக்டரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. நான் வேற லைன்," என்றேன்.

வாயை மூடிக்கொள்வது எனக்குப் பழகியதுதானே அண்ணே. பையை இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். மலைக்குப் போறவங்ககிட்ட வாங்கறதில்லை என்று கூலியை மறுத்துவிட்டாள். தெருமுனை வரை வந்து, மலைக்குப் போக எந்தப் பாதையில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று கைகாட்டிவிட்டுப் போனாள்.

நான் இனி உங்கள் கடைக்கு வருவதாக இல்லை. கோபம் இல்லை, சத்தியமாக இல்லை. உங்களைப் பார்த்தால் அந்தப் படம் நினைவு வரும். அதில் சிரிப்பவர் என்னால் தெருவுக்கு வந்தவரா, என்னால் ஒரு குடும்பம் கிடைத்தவரா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பு உங்களிடமாவது உண்மையாக இருந்தேன். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து அவளை ஏமாற்றுகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் இங்கே தங்கி, கால் ஆறியதும் மலையேறிவிட்டு நேரே வீட்டுக்குப் போகிறேன்.

நெட்டை

பிப்ரவரி 10, கோட்டை ஊர்

தம்பி,

இதை பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை நேற்று நாலு தரம் படித்தேன். இன்று காலை முதல் வண்டி பிடித்து வந்து, அவளிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். விசில் வந்தது என்று. விசாரணையில் பொய் சொன்னேன் என்று. அந்த விசிலை ஊதியவன்தான் மூன்று நாள் முன்பு அவளிடம் பை தைத்துக்கொண்டு போன நெட்டை ஆள் என்று. அவன் சொல்ல வந்ததை நான்தான் தடுத்தேன் என்றும் சொன்னேன்.

ஒரு சட்டைக் கை தைத்துக்கொண்டிருந்தாள். தையல் முடியும்வரை நிமிரவில்லை. நூலை அறுத்தாள். குழந்தையை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை. இருபது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கவில்லை.

இங்கே வந்து உட்கார்ந்து இரண்டு வண்டியைப் போகவிட்டேன். பிறகு அவள் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பெஞ்சில் உட்காரவில்லை, நின்றபடியே பேசினாள்.

"கண்டக்டர் எங்க இருக்காருன்னு உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டிருப்பேன்? தெரியாது தெரியாதுன்னீங்க. யார் மேல தப்புன்னு தெரிஞ்சிக்கவா கேட்டேன்? அம்மா இறங்கறதுக்கு முன்னாடி டிக்கெட் வாங்கியிருப்பாங்கல்ல. ஏதாவது பேசியிருப்பாங்கல்ல. கடைசியா அவங்க குரலைக் கேட்டது அந்த ஆளுதானே?"

அவளிடமிருந்து நாம் எதைப் பிடுங்கி வைத்திருந்தோம் என்று இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட எனக்கு உறைக்கவில்லை.

"கூட்டிட்டு வாங்க," என்றாள். மாமா என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மலை எங்கும் போகாது. அங்கேயே இரு. அடுத்த வண்டியில் வருகிறேன். இந்தக் கடிதத்தை இப்போது வரும் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன், உனக்கு யோசிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும் என்பதற்காக. அந்த அம்மா எந்த நிறுத்தத்தில் ஏறினார், உன்னிடம் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், எல்லாவற்றையும் நினைவுபடுத்திக்கொள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிடாதே. ஒரே ஒரு வார்த்தை நினைவிருந்தாலும் போதும், அதை அப்படியே அவளிடம் சொல்.

அண்ணன்