இருபத்திமூன்று போன்களும் ஒரு பழைய போர்டும்

ஜூலை 7, திங்கள்
நேற்று இடித்த இடியில், ஆன்லைன் மனு போட்டுத் தரும் என் கடைக் கம்ப்யூட்டர் போய்விட்டது. பட்டனை அமுக்கினால் உள்ளே ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. இருபத்திமூன்று வீட்டுச் சாமைக்குப் பயிர் இன்சூரன்ஸ் போட்டுத் தருகிறேன் என்று நில அடங்கலும் ஆதாரும் வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் காகிதமும் அதில் ஒன்று. கடைசி நாள் 31. இப்போது பார்த்தா போகணும்?

ஜூலை 8
கண்ணமங்கலம் மெக்கானிக் பஞ்சாட்சரத்திடம் போனில் காட்டினேன். மதர்போர்டு போச்சு என்றார். இந்த மாடல் புதுசு வருவதில்லை, ஆன்லைனில் ரீபர்பிஷ்டு வாங்கலாம் என்றார். அப்படின்னா இன்னா தம்பி என்றேன். "பழசத் தொடச்சி, சரிபண்ணி, மறுபடி விக்கறது, அக்கா."

எங்க அப்பா ஒருமுறை சந்தையில் மாடு பிடித்தார். பல்லைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார், வாலைக்கூட முறுக்கிப் பார்த்தார். ஏரில் பூட்டினால் இரண்டாம் சாலிலேயே படுத்துக்கொண்டது. அம்மா திட்டிய திட்டுக்கு அவர் சொன்னது: படுக்கிற மாடுன்னு பல்லில் எழுதியா இருக்கும்? நேரில் பார்த்த மாடே அப்படி. நான் படத்தைப் பார்த்து வாங்குகிறேன்.

வாங்கிவிட்டேன்.

ஜூலை 12
பார்சல் கொடுத்தாகிவிட்டது என்று மெசேஜ். யாரிடம்? என் கை காலி.

ஜூலை 16, புதன்
நாலு நாள் தேடல். மலைக்கு ஏறச் சோம்பல்பட்டு, அடிவாரத்து சைக்கிள் கடையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் கூரியர்காரன். வீட்டுக்காரர் விஜயராஜ்தான் போய் எடுத்துவந்தார். அப்போதே பிரிக்கப் போனேன், விடவில்லை. நாளைக்கு ஆடி பிறக்கிறது, இன்றைக்கு நாளும் சரியில்லை, ஆடி வெள்ளியில் படைத்துவிட்டுப் பிரி என்றார்.

"இது புதுசு இல்லீங்க. யாரோ ஓட்டினது."

"அப்ப இன்னும் மோசம். எவன் வூட்டு தோஷமோ."

பார்சலைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன்.

ஜூலை 18, ஆடி வெள்ளி
பிரித்தேன். பச்சைப் பலகை, பளபளப்பாக இருந்தது. கற்பூரம் காட்டி, மூலைக்கு ஒன்றாகச் சந்தனம் குங்குமம் வைத்தேன். தையல் மிஷின் வாங்கினபோதும் வைத்தேன், டிவிக்கும் வைத்தேன். எதுவும் கோபித்துக்கொண்டதில்லை.

ஜூலை 20
பஞ்சாட்சரம் ஏறி வந்தார். பலகையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"அக்கா, இன்னாக்கா இது?"

"பொட்டு."

"சந்தனத்தத் தண்ணில கொழச்சியா?"

பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் போட்டுத் துடைத்து மாட்டினார். மூன்று தடவை பீப் என்றது, அடங்கியது. மறுபடி மாட்டினார், மறுபடி மூன்று. உன் சந்தனத்தால் கெட்டதா, வரும்போதே இப்படியா, அதைச் சொல்லத் தெரியாது என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யார் தப்பு என்று தெரிந்தாலாவது ஒருத்தரைத் திட்டலாம்.

ஜூலை 21
விற்றவனுக்குப் படம் அனுப்பினேன். பதில் வந்தது: பலகையில் கறை உள்ளது, மேலும் பெற்ற நாளிலிருந்து ஏழு நாள் முடிந்துவிட்டது. அவன் கணக்கில் நான் 12ஆம் தேதியே வாங்கிவிட்டேன். பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று வேறு கேட்டிருக்கிறான். கற்பூரத் தட்டு ஒரு கையில், போர்டு ஒரு கையில். எத்தினி கை இருக்குது எனக்கு?

ஜூலை 22
விஜயராஜோடு பேசவில்லை.

ஜூலை 27
ராஜவேலு மாமா வந்து காகிதத்தைத் திருப்பிக் கேட்டார். "உன் பொட்டி படுத்துக்கிச்சின்னு ஊரே பேசுது. நாங்களும் படுத்துக்கணுமா?" என்றார். ஜமுனாமரத்தூர் இ-சேவை மையத்தில் வரிசை தெரு வரைக்கும் நிற்கிறதாம், இரண்டு நாள் கூலி போகும். நாலு நாள் பொறுங்க மாமா என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்? மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் கடை போட்டபோது முதல் காகிதம் கொடுத்தவர் அவர்.

ஜூலை 30
கண்ணமங்கலத்தில் பஞ்சாட்சரம் கடைக் கம்ப்யூட்டரில் போடப்போகிறேன். ஒவ்வொருவர் போனுக்கும் ஓடிபி வருமே, கேட்டுச் சொல்ல மலையில் சிக்னல் நிற்காதே? ஊர் முழுக்க நடந்து போன்களை வாங்கினேன். எது யாருடையது என்று துணிக் கிழிசலில் எழுதிக் கட்டினேன். மாமா தன் போனை இரண்டு தடவை துடைத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி
நேற்று விடியற்காலை முதல் பஸ்ஸில் போனேன். கட்டைப்பையில் போன்கள். கொண்டை ஊசி வளைவில் சிக்னல் வந்ததும் எல்லாம் ஒவ்வொன்றாக அலற ஆரம்பித்தன. ஒன்றை எடுத்தால் ஒரு பெண் குரல்: "எங்க வூட்டுக்காரு போன்ல நீ யாரு?" விளக்கி முடிப்பதற்குள் மலை இறங்கிவிட்டது. கண்டக்டர் நான் திருட்டுப் போன் வியாபாரியா என்று கேட்டார்.

பஞ்சாட்சரம் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றார். அவர் கம்ப்யூட்டரில் போர்டு, ராம், டிஸ்க் எல்லாமே ஆன்லைனில் வாங்கிய பழசாம். மூன்று வருஷமாக ஓடுகிறது. ஓடுகிற வீடியோ அனுப்புகிறவனிடம் மட்டும்தான் வாங்குவாராம். இதை முன்னாடியே சொல்றதுக்கு இன்னா, தம்பி? நீ கேக்கலயேக்கா என்றார்.

ஆனால் என்ன வேகம். நடுவில் சைட் இரண்டு மணி நேரம் நின்றது, கம்ப்யூட்டர் நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு வீடு ஏறிவிட்டது. கடைசியாக எங்களுடையது. ஆதார் எண்ணைப் போட்டேன், ஓடிபி அனுப்பினோம் என்றது. பைக்குள் கையை விட்டேன்.

ஊரார் போனெல்லாம் இருந்தது. எங்கள் நிலத்துக்குப் பதிந்திருக்கிற போன் விஜயராஜ் சட்டைப்பையில், காட்டில். கூப்பிட்டேன், கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. கெடு முடியும்வரை கூப்பிட்டேன்.

ஆகஸ்ட் 2
போன்களை வீடு வீடாகக் கொடுத்தேன். ராஜவேலு மாமா ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உன்னுது?"

"ஏறல மாமா."

அவர் உள்ளே போய் ஒரு முறம் கேழ்வரகு எடுத்துவந்து என் பையில் கொட்டினார்.

வேறு போர்டு சொல்லியிருக்கிறேன். பஞ்சாட்சரம் தன் கடையில் ஓட்டிப் பார்த்து எடுத்துவருவார்.

ஆகஸ்ட் 3
காலையில் விஜயராஜ் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்து தன் போனை என் பக்கத்தில் வைத்தார்.

"இத இனிமே நீயே வெச்சிக்கோ."

கடைதான் மூடியிருக்கிறதே. போனை முந்தானையில் முடிந்துகொண்டு நானும் களையெடுக்கப் போனேன்.