நீங்கள் ஒட்டிய அட்டை

அக்கா,

உங்கள் மகள் இன்று காலை என் மேசைமேல் ஒரு துணிப்பையை வைத்தாள். பிரித்ததும் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் பசையின் வாசனை. உள்ளே, நான் ஆஸ்பத்திரியில் உங்களிடம் கொடுத்த டம்மிப் புத்தகம். அவள் போன பிறகு இரண்டு கோப்பி குடித்தாகிவிட்டது, நாலு தடவை எழுந்து சன்னல் வரை போய்வந்தாகிவிட்டது. ஒரு வேலையும் ஓடவில்லை. உங்களிடம் பேசினால்தான் உட்கார முடியும் போலிருக்கிறது.

"கால ஆட்டாத தம்பி, மேசை ஆடுது" என்று முதல் நாளே சொன்னவர் நீங்கள். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில், நான் வாடகைக்கு வைத்திருக்கும் இந்த ஒற்றை மேசைக்கு, தேக்கா பக்கம் செடிக்கு வாங்கிய மண் பொட்டலம் வைத்த பையோடு மூச்சு வாங்க ஏறி வந்தீர்கள். நான் ஆன்ட்டி என்றேன். இன்னொரு முறை அப்படிக் கூப்பிட்டால் வேறு டிசைனரைப் பார்த்துக்கொள்வேன் என்றீர்கள். அன்றிலிருந்து அக்கா.

பையில் மண் பொட்டலத்துக்கு அடியில் மூன்று நோட்டுகள் இருந்தன. தோ பாயோவில் உங்கள் அடுக்குமாடி வீட்டு வாசல் நடைபாதையில் முப்பது வருடமாக வளர்த்த செடிகளின் கதை. வாசனைக்குச் சோற்றில் போடும் பாண்டான் இலைக்காகப் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டியோடு நடந்த சண்டை, தொட்டிகள் வழியை அடைக்கின்றன என்று கட்டட நிர்வாகத்திலிருந்து வந்த கடிதங்கள், சோதிக்க ஆள் வரும் நாளில் எல்லாத் தொட்டிகளையும் குளியலறைக்குள் ஒளித்துவிட்டு அன்று முழுக்கக் குளிக்காமல் இருந்தது. படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். 'பதினோராம் மாடிக் கறிவேப்பிலை' என்று பெயரும் நீங்களே வைத்திருந்தீர்கள். எழுத வேண்டியதை எல்லாம் எழுதி முடித்திருந்தீர்கள். பாக்கி இருந்தது அதைப் புத்தகமாக்கும் என் வேலை மட்டும்தான்.

முதல் அட்டை பத்து நிமிடத்தில் வந்தது. உங்கள் வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி, அதன் பக்கத்தில் நீங்கள் கழற்றிவிட்ட நீல ரப்பர் செருப்பு. கைப்பேசியில் எடுத்த படம். மேலே தலைப்பை வைத்து, சாதாரணத் தாளில் அச்செடுத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தீர்கள்.

"என் செருப்பு புக்குல வருதா?" என்றீர்கள். பிறகு, "இத நான் எடுத்துக்கவா தம்பி?"

எடுத்துக்கொள்ளுங்கள், இது சும்மா, நல்லதாக இன்னொன்று செய்கிறேன் என்றேன். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சுலபமாக வந்த எதையும் நான் நம்பியதில்லை. பத்து நிமிடத்தில் முடிந்தால் அது வேலையே இல்லை என்று ஒரு எண்ணம். கம்பெனியில் இருந்தபோது மேலதிகாரி யாராவது 'போதும்' என்று நிறுத்துவார். தனியாளாக வந்த பிறகு என்னை நிறுத்த ஆளில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் அடுக்குமாடிப் புளோக் முழுவதையும் கோட்டோவியமாக வரைந்தேன். இலையை மட்டும் பெரிதாக்கினேன். படமே வேண்டாம், எழுத்து போதும் என்றேன். எழுத்துருவை மாற்றினேன், பச்சையை மாற்றினேன், அந்தப் பச்சைக்காக உள்பக்கத் தாளையும் மாற்றினேன். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் அனுப்பினேன். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னீர்கள்: "நல்லாதான் இருக்கு. உனக்குத் திருப்தியா இருக்கணும் லா." எனக்குத் திருப்தி வரவில்லை. மாதங்கள் போயின. நடுநடுவே செக்கப் என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தீர்கள். செக்கப்தான் என்று நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, அக்கா.

உங்களை வார்டில் சேர்த்துவிட்டார்கள் என்று மகள் சொன்னதும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். கிடைத்தது டம்மிதான். நாம் தேர்ந்தெடுத்த தாளில், அத்தனை பக்கத்தையும் தைத்து, ஒரு எழுத்துகூட அச்சிடாமல் அச்சகத்தார் கொடுக்கும் மாதிரிப் புத்தகம். கனமும் தடிமனும் பார்ப்பதற்கு. நீங்கள் அதை இரண்டு கையாலும் வாங்கி, வெற்றுப் பக்கங்களைப் புரட்டி, முகர்ந்து பார்த்தீர்கள். அட்டை அடுத்த வாரம் முடிந்துவிடும் என்றேன். சரி என்றீர்கள். அந்த அடுத்த வாரம் உங்களுக்கு வரவில்லை.

புத்தகம் வந்தது. கரும்பச்சை அட்டை, வெறும் எழுத்து. பன்னிரண்டாவது அட்டை அது. நேர்த்தியாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் இன்றுவரை ஒரு பிரதியைக்கூட முழுசாகப் புரட்டவில்லை.

இன்று காலை பையிலிருந்து வெளியே வந்த டம்மியில் அட்டை இருந்தது. முதல் அட்டை. அந்தச் சாதாரணத் தாளை ஓரம் வெட்டி, கொஞ்சம் கோணலாக, நீங்களே ஒட்டியிருக்கிறீர்கள். தொட்டி, நீலச் செருப்பு, தலைப்பு.

"வார்டுல எல்லார்ட்டயும் காட்டினாங்க அண்ணே, என் புக்குனு" என்றாள் உங்கள் மகள். "ஏன் உள்ள ஒண்ணும் இல்லனு நர்ஸ் கேட்டுச்சு. தம்பி அவன் வேலைய எப்பவோ முடிச்சிட்டான், நான்தான் இன்னும் எழுதி முடிக்கலனு சொன்னாங்க."

எனக்காக அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறீர்கள். திட்டியிருக்கலாமே அக்கா. ஒரு தடவை, 'முதல்ல செஞ்சதே போதும், கொடுடா' என்று கத்தியிருக்கலாமே. உங்கள் மேல் கோபம்கூட வந்தது. உண்மையில் யார்மேல் கோபப்படுகிறோம் என்று தெரிந்ததும் சன்னலுக்குப் போனேன். கீழே பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி முடித்ததை ஆணியில் மாட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார்கள்.

இப்போது என் திரையில் இன்னொருவர் புத்தகம் இருக்கிறது. கிளமெண்டியில் இருக்கும் பெரியவர், டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஏற்றிய பயணிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். முதல் அட்டையே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். நான் ஐந்தாவதில் இருந்தேன். ஐந்தையும் மூடிவிட்டு, முதலாவதை அச்சகத்துக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகு தலைப்பு ஒரு மயிரிழை இடப்பக்கம் தள்ளியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. கை கணினிச் சுட்டிக்குப் போனது. உங்கள் டம்மியை எடுத்து அந்தக் கையில் வைத்துக்கொண்டேன்.

பெரியவருக்குப் போன் போட்டேன்.

"இன்னும் ஏதாச்சும் மாத்தணுமா தம்பி?" என்றார் பயந்துகொண்டே.

"இல்லங்கய்யா" என்றேன். "நான் முடிச்சிட்டேன்."

கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, அக்கா. மேசையும் ஆடுகிறது. ஆனால் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது.