கைநாட்டு வரிசை

மார்ச் 4, 2024
இன்று கம்பெனித் தாளில் என் முதல் கையெழுத்து! அறுபத்தாறு வயதில். முடிச்சூர் மாலை வகுப்புக்கு ஏழு மாதம் போனது வீண் போகவில்லை.

மறைமலை நகர்த் தொழிற்சாலையில் எங்களைப் போன்ற தோட்ட வேலைக்காரர்களுக்கும் மருத்துவக் காப்பீடாம். மனைவிக்கும் உண்டு. ஹெச்.ஆர். ஜெபசீலன் சார் இரண்டு வரிசை நிறுத்தினார். கைநாட்டு ஒன்று, கையெழுத்து ஒன்று. கைநாட்டு வரிசையிலிருந்து தனக்கோடி கத்தினான்: "இன்னா நைனா, கலெக்டர் ஆயிட்டியா?"

ஆமாம்டா.

மூன்று பக்கப் படிவம். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மனைவி பெயரை எழுதி, குப்புராஜ் என்று போட்டேன்.

மார்ச் 5
கன்னியம்மாவிடம் நகலைக் காட்டினேன். "என் பேரு எங்க கீது?" காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

ஜூன் 11
அவளுக்கு மூச்சு வாங்குகிறது. இதய வால்வை மாற்ற வேண்டுமாம். டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன்: காப்பீடு இருக்கிறது.

ஜூன் 13
இல்லை.

"நீங்க சேரவே இல்லையே, பெரியவரே," என்றார் ஜெபசீலன் சார்.
"கையெழுத்துப் போட்டனே சார்!"
"கட்டத்துல டிக் இல்லையே. டிக் இல்லன்னா வேணாம்னு அர்த்தம். இனி அடுத்த மார்ச்சுலதான்."

தனக்கோடி எப்படிச் சேர்ந்தான்? கைநாட்டு வைப்பவர்களுக்கு வரிவரியாகப் படித்துக் காட்ட வேண்டும் என்பது கம்பெனி விதியாம். கையெழுத்துப் போட்டால் படித்தாயிற்று என்று கணக்காம்.

ஜூன் 14
நகலைப் படித்தேன். மூன்றாம் பக்கம், கடைசி வரி: 'கட்டத்தில் குறியிடாதவர் சேர விரும்பாதவராகக் கருதப்படுவார்.' அரை மணி நேரம் ஆனது. எல்லாம் எனக்குத் தெரிந்த எழுத்துகள்தான். அன்றைக்கு இந்த அரை மணி நேரம் நின்றிருந்தால் இன்னா கெட்டுப் போயிருக்கும்? வெட்கம். வேறென்ன.

ஜூன் 15
அவளிடம் சொல்லிவிட்டேன். நகலை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "வுடுய்யா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி கீது இல்ல."

ஆகஸ்ட் 2
நான்காவது தடவை வரிசையில் நின்றோம். ஆபரேஷனுக்கு நவம்பரில் தேதி கொடுத்தார்கள்.

செப்டம்பர் 19
கன்னியம்மா போய்விட்டாள்.

மார்ச் 3, 2025
மறுபடி படிவம். மறுபடி இரண்டு வரிசை.

"நீங்க கையெழுத்துதானே, பெரியவரே?"
"கைநாட்டு, சார்."

தனக்கோடி கிண்டல் செய்யவில்லை. முன்னால் நிற்க இடம் விட்டான். ஜெபசீலன் சார் வரிவரியாகப் படித்தார். 'மனைவி பெயர்' வந்ததும் நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"படிங்க சார்," என்றேன். "ஒரு வரியும் வுடாம படிங்க."